நூறு கொதிக்கும் ஊர்

பரீட்சையில் ஒரு மதிப்பெண் கேள்வி:
தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?
வாரா எண்பத்தாறு என்று எழுதினாள்.
சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது.
நான் நூறு என்று எழுதினேன்.
எனக்குச் சரி.
அந்தச் சரிதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

எல் ஆல்த்தோ சந்தை முனையில்
விடியுமுன் ஆப்பி காய்ச்சுகிறார் அவள் அம்மா,
ஊதாச் சோளத்தில், பட்டை மணக்க.
மாவு விழுவதற்கு முன்பு
அந்தப் பானையில் வெப்பமானியை விட்டுப் பார்த்திருக்கிறாள் வாரா.
ஒரு நாளல்ல, பதினொரு நாள்.
தளதளவென்று குதிக்கிற தண்ணீர்
எண்பத்தாறில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு
இதற்குமேல் ஏறமாட்டேன் என்கிறதாம்.

"வெப்பமானி பழுது" என்றான் எட்மிர்.
இரவு வெளியே வைத்த வாளியில்
உறைந்திருந்த தகட்டை உடைத்து
கிண்ணத்தில் உருகவிட்டு நட்டுவைத்தோம்.
பூஜ்யம்.
மயிரிழை பிசகாத பூஜ்யம்.
கருவி பொய் சொல்லவில்லை.
அப்படியானால் புத்தகம்?

எட்மிரின் மாமா வெங்காய லாரி ஓட்டுபவர்,
மலைக்கு அந்தப்பக்கம், கரானாவி வரை.
"வாங்க. ஆனால் நிறுத்துகிற இடத்திலெல்லாம்
எனக்குச் சூடாகக் காப்பி."

முதலில் ஏற்றம்.
கணவாயில் மேகம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது.
ஒன்பது தீக்குச்சி செலவாகி ஸ்டவ் பற்றியது.
எண்பத்து நாலரை!
"இன்னும் குறைகிறதே" என்று எட்மிர்
தண்ணீரைப் பார்த்தே கேட்டான்.
மாமா ஒரு வாய் குடித்து, "ஆறிப்போன காப்பி" என்றார்.
கொதிக்கக் கொதிக்கக் கொடுத்ததுதான்.

பிறகு இறக்கம், வளைவு, இறக்கம்.
காது டப்பென்று திறந்தது.
மேலே மூடிபோட்டுக் கொண்டுவந்த காலி சோடா பாட்டில்
யாரும் தொடாமலே
பிழிந்த துணிபோல் ஒடுங்கியது.
வாரா அதை மடியில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் பேசவில்லை.

"கீழே போகப்போகக் காற்று கனக்கிறது.
நம் ஊரில் அது மெலிசு.
தண்ணீரின் தலையில் கைவைத்து
உட்கார் உட்கார் என்று அழுத்த ஆளில்லை.
அதனால் சட்டென்று எழுந்துவிடுகிறது."

நாலாம் வகுப்பில் எங்களைப் போலவா
என்று எட்மிர் கேட்டான்.

கொரோய்க்கோ விலக்கில் தொண்ணூற்றாறு.
வாழை தெரிந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினோம்.
கரானாவியில் தொண்ணூற்றெட்டு.
மாமா நாக்கைச் சுட்டுக்கொண்டு
எங்கள் மூன்று பேரையும் பேர்சொல்லித் திட்டினார்.
வாரா அதையும் நோட்டில் குறித்தாள்.

இன்னும் ரெண்டே டிகிரி, மாமா,
ரெண்டு டிகிரி தள்ளி நிறுத்துங்களேன்.
வெங்காயம் இறங்கிவிட்டது.
லாரி திரும்பியது.

நூறு, கடலோரத்தில் இருக்கிறது.
எங்கள் நாட்டுக்குக் கடல் இல்லை.
முன்பு இருந்தது; போரில் போனது.
ஆண்டுக்கு ஒரு நாள்
சீருடையை இஸ்திரிபோட்டு அதற்காக அணிவகுப்போம்.
கடலோடு நூறும் போனதென்று
எந்தப் பேச்சிலும் யாரும் சொன்னதில்லை.

அடுத்த பரீட்சையிலும் அதே கேள்வி.
நான் நூறு எழுதி, அடித்து,
எண்பத்தாறு எழுதி, அதையும் அடித்து,
பேனாவைக் கடித்தேன். மணி அடித்துவிட்டது.
வாரா ஒற்றைச் சொல் எழுதியிருந்தாள்:
எங்கே?

அவள் தாளில் சரியும் இல்லை, தவறும் இல்லை.
அந்தச் சொல்லைச் சுற்றி
பென்சிலால் ஒரு வட்டம், அவ்வளவுதான்.

அன்றிரவும் எங்கள் வீட்டு உருளைக்கிழங்கு
வேக ஒரு மணி நேரமானது.
இன்னுமா என்று கத்தாமல்
மூடி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.